பேசாத பிள்ளையோடு சாமி கும்பிடுவது எப்படி

பிள்ளைக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ ஸ்டான்லி மருத்துவமனையிலோ ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் வீட்டு வாசலுக்கு மூன்று விதமான பக்தி வந்து சேரும். ஒருவர் முன்வினை என்பார். இன்னொருவர் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகச் சொல்வார். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரருக்கு அங்கேதான் வாய் திறந்தது என்ற வரலாற்றையும் சொல்வார். மூன்றாமவர், "இது தெய்வக் குழந்தைம்மா, மௌன சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். மூன்றும் பாசத்தில் வருவதுதான். ஆனால் பிள்ளை இந்த நிமிடம் என்ன சொல்லப் பார்க்கிறது என்பதிலிருந்து நம் கண்ணை மூன்றுமே திருப்பிவிடுகின்றன.

நம்பிக்கையை விட்டுவிடச் சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளையின் வாயைத் திறக்கும் சாவியாக வழிபாட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் நிலை. வழிபாட்டில் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் நின்று 'வேண்டும்', 'வேண்டாம்', 'போதும்' என்று சொல்ல அதற்கு ஒரு வழி வேண்டும். அதற்கான செய்முறை கீழே. இடங்கள் பெரும்பாலும் வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையும் அதைச் சுற்றியும் உள்ள நம் பக்கத்து இடங்கள்.

முதலில் உடம்பு, பிறகு திருஷ்டி

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை இன்று தலையில் அடித்துக்கொள்கிறது, தூங்கவில்லை, கையைக் கடிக்கிறது. ஆயா (பாட்டி) உடனே திருஷ்டி கழிக்க உப்பு மிளகாய் எடுப்பார். அதற்கு முன்னால் இந்த வரிசையில் பாருங்கள்: கடைசியாக மலம் கழித்தது எப்போது, பல்லில் சொத்தையோ ஈறு வீக்கமோ இருக்கிறதா, காதைத் தொட்டால் விலகுகிறதா, காய்ச்சல் உண்டா, ஒரு பக்கமாக வெறித்துப் பார்த்துச் சில நொடி உறைந்து நிற்கிறதா. கடைசியாகச் சொன்னது வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். பேச முடியாத பிள்ளைக்கு வலியைச் சொல்லும் மொழி நடத்தைதான். 'தெய்வக் குழந்தை' என்ற பட்டம் செய்யும் பெரிய கெடுதல் இங்கேதான் தெரியும். அமைதியாகச் சுருண்டு கிடக்கும் பிள்ளையை தியானத்தில் இருப்பதாக நினைத்து, நான்கு நாள் மலச்சிக்கலைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

ஆயாவுக்குத் திருஷ்டி கழித்தே ஆக வேண்டும் என்றால் தடுக்க வேண்டாம். மிளகாயை நெருப்பில் போடுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த நெடி எல்லாருக்கும் இருமலைத் தரும். வாசனை கூர்மையாக உறைக்கும் பிள்ளைக்கு அது தண்டனை. கல் உப்பை மூன்று முறை சுற்றி, பிள்ளை கையிலேயே கொடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். உப்பு மூழ்கிக் கரைவதை நிறைய பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கும். ஆயாவுக்கும் மனசு நிறையும்.

பேச்சு வருவதற்காக வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவுவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. வேண்டாம். வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் அளவு மீறினால் நஞ்சு. வாந்தி நிற்காமல் வரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. தாயத்து கட்டுவதானால் கழுத்தில் கயிறாக வேண்டாம். இழுத்தால் கழுத்து இறுகும், கடித்தால் உலோகம் வாய்க்குள் போகும். பிள்ளையின் தலையணை உறைக்குள் தைத்துவிடலாம். நம்பிக்கைக்கும் பங்கமில்லை, மூச்சுக்கும் பங்கமில்லை.

பிள்ளை முன்னால் எப்படி வேண்டிக்கொள்வது

தினமும் மாலை விளக்கேற்றி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "சாமி, இவனுக்குப் பேச்சைக் குடு, இவனை எல்லாரையும் மாதிரி ஆக்கு" என்று கண்ணீரோடு கேட்கும் வீடுகள் நிறைய. அந்தக் கண்ணீர் உண்மை. ஆனால் பேசாத பிள்ளை கேட்காத பிள்ளை இல்லை. புரிவதற்கும் பேசுவதற்கும் வேறு வேறு திறன்கள் வேண்டும். பேச்சு துளியும் இல்லாமல், சொல்வதைப் பெருமளவு புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. எவ்வளவு புரிகிறது என்று திட்டமாகத் தெரியாதபோது, எல்லாம் புரிகிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. தான் பழுதானவன், தன்னைப் பார்த்தால் அம்மா அழுகிறாள் என்று தினமும் ஆறரை மணிக்கு ஒரு பிள்ளை கேட்டு வளரக் கூடாது.

அந்த வேண்டுதலைப் பிள்ளை தூங்கிய பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதிரே சொல்வதற்கு வேறு சொற்கள் வேண்டும். "இன்னிக்கு நீ காட்டினது எனக்குப் புரிஞ்சுது. நாளைக்கு இன்னும் புரியணும்." "இன்னிக்கு உனக்கு நல்ல நாளா இருந்துச்சு, சாமிக்கு நன்றி." பெயரைச் சொல்லி, அவனைப் பார்த்து, அவனிடமே. வந்திருக்கும் உறவினர் "பாவம், புள்ள" என்று ஆரம்பித்தால், "அவன் கேட்டுக்கிட்டு இருக்கான் அத்தை, அவன்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பூசை: இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள்

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன என்று தெரிவதே பெரிய நிம்மதி. நம் வழிபாடோ அடிப்படையில் மாறாத வரிசைதான். இந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

நான்கு படங்கள் எடுங்கள்: உங்கள் வீட்டு விளக்கு, உங்கள் வீட்டில் வைக்கும் பூ, உங்கள் திருநீற்றுக் கிண்ணம், கடைசியில் பிள்ளைக்குப் பிடித்த ஒரு தின்பண்டம். இணையத்திலிருந்து எடுத்த குத்துவிளக்குப் படம் வேலைக்கு ஆகாது. பல பிள்ளைகளுக்கு அது வேறு விளக்கு, அவ்வளவுதான். மூன்று அங்குலச் சதுரமாக அச்செடுத்து லேமினேட் செய்து, ஒரு கெட்டி அட்டையில் மேலிருந்து கீழாக வெல்க்ரோவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு செயலும் முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைப் பிய்த்து ஒரு டப்பாவில் போட வேண்டும். படம் தீர்ந்தால் பூசை தீர்ந்தது. முதல் இரண்டு வாரம் மொத்தம் இரண்டு நிமிடம்தான். அமைதியாக இருக்கிறானே என்று நீட்டினால், 'படம் தீர்ந்தால் முடிந்தது' என்ற வாக்கை நீங்களே உடைக்கிறீர்கள். மறுநாள் அவன் விளக்குப் பக்கம் வரமாட்டான்.

உட்கார வேண்டும் என்பது விதியில்லை. குதித்துக்கொண்டு, கையை உதறிக்கொண்டு, அறையைச் சுற்றிக்கொண்டு இருக்கலாம். உடம்பை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவனுக்கு அது தேவைப்படுகிறது. கோயிலைச் சுற்றி வருவது நமக்கு வழிபாடென்றால், விளக்கைச் சுற்றி வருவது அவனுக்கு வழிபாடாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பூவில் ஒரு தேர்வு வையுங்கள். இடது கையில் மல்லி, வலது கையில் சாமந்தி. இரண்டையும் பிள்ளையின் கண் மட்டத்தில் காட்டி, "எது வைக்கலாம்?" என்று ஒரே முறை கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் மூன்று எண்ணுவதற்குள் மறுபடி கேட்டுவிடுகிறோம். ஒவ்வொரு மறுகேள்வியும் பிள்ளை தொடங்கியிருந்த பதிலை முதலிலிருந்து தொடங்க வைக்கும். கண் ஒரு பூவின்மேல் நின்றாலும் அது பதில். "மல்லி சொல்ற, மல்லி வைக்கிறோம்" என்று சொல்லி உடனே வையுங்கள்.

நெற்றியில் திருநீறோ குங்குமமோ இடும்போது சில பிள்ளைகள் அலறுவதற்குக் காரணம் சாமி பயம் கிடையாது. மெல்லிய வருடல் பல பிள்ளைகளுக்குக் கூச்சமும் எரிச்சலுமாக இருக்கும். அழுத்தமான தொடுதல் நிம்மதியாக இருக்கும். சொல்லிவிட்டு, முன்பக்கமிருந்து, விரலை ஊன்றி ஒரே அழுத்தாக வைத்து எடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் புறங்கையில் வைக்கலாம், அல்லது அவனே உங்கள் நெற்றியில் வைக்கலாம். குளிர்ந்த சந்தனத்தைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். மணி அடிப்பதானால் அவன் கையில் கொடுங்கள். தானே எழுப்பும் ஓசை திடுக்கிட வைக்காது.

கற்பூரம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தின்னக் கூடாததைத் தின்னும் பழக்கம் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உண்டு. கற்பூர வில்லை பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. விழுங்கிய சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வாந்தி, கிறுகிறுப்பு, வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்; வலிப்பு திடீரென்று வந்தால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காத்திருந்து பார்க்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பச்சைக் கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கை. பட்டுப் புடவைக்கு நடுவே வைக்கும் அந்துருண்டை வேறு நஞ்சு, அதுவும் ஆபத்துதான். மூன்றையும் திருகு மூடி உள்ள டப்பாவில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாமி அலமாரியின் கீழ்த்தட்டு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அங்கே வேண்டாம்.

சுடரை ஆசையாகத் தொடப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் விளக்கைப் பிள்ளையின் நீட்டிய கை எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது கண்ணாடிக் கூண்டு போட்ட விளக்குக்கு மாறுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், பருத்தி போடுங்கள். தீப்பெட்டி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

'வேண்டாம்' சொல்லக் கற்றுக்கொடுப்பது

பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு முதலில் பழக்கும் சைகை 'வணக்கம்', அடுத்தது 'குடு'. 'வேண்டாம்', 'போதும்', 'வெளியே' ஆகிய மூன்றும் அதற்கு முன்பே வர வேண்டும். அந்த மூன்று படங்களை ஒரு சாவி வளையத்தில் கோத்து, உங்கள் இடுப்பிலோ பையிலோ எப்போதும் தொங்கவிடுங்கள். நீங்கள் பேசும்போதே காட்டிக்காட்டிப் பேசுங்கள். "அம்மாவுக்குப் போதும்" என்று சொல்லி 'போதும்' படத்தைத் தொடுங்கள். கைபேசியில் தொட்டால் பேசும் செயலிகள் உண்டு. சென்னையிலேயே உருவான ஆவாஸ் அதில் ஒன்று, தமிழிலும் கிடைக்கிறது. படமோ செயலியோ பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அது தவறு. அது பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

பிள்ளை 'வெளியே' காட்டினால் வெளியே போக வேண்டும். தீபாராதனை தொடங்கப் போகிறது, இன்னும் இரண்டே நிமிடம் என்றாலும் போக வேண்டும். இரண்டு முறை காட்டியும் பலிக்கவில்லை என்றால் அந்தப் படம் செத்துவிட்டது. அடுத்த முறை படத்துக்குப் பதில் கடி வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் கையையோ முழங்கையையோ ஒருவர் பிடித்துக்கொண்டு, அல்லது எழுத்துப் பலகையைக் காற்றில் பிடித்துக்காட்டி, பிள்ளை எழுதுவதாகச் சொல்லும் முறைகள் உண்டு. அதில் வரும் வாசகங்கள் சில சமயம் ஞானி பேசுவது போலவே இருக்கும்: பிறர் மனத்தைப் படிக்கிறேன், கடவுளோடு பேசுகிறேன் என்று. ஏங்கிக் கிடக்கும் மனம் அதை நம்பத்தான் செய்யும். ஆனால் கட்டுப்படுத்திய சோதனைகளில், எழுதியது பிடித்திருந்தவரே என்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. தனக்குத் தெரியாமலே செய்திருந்தார். அமெரிக்கப் பேச்சு மொழி வல்லுநர் சங்கம் 2018-இல் இவ்விரண்டு முறைகளும் வேண்டாம் என்றே அறிவித்தது. சரிபார்க்க எளிய வழி உண்டு. உதவுபவர் அறைக்கு வெளியே இருக்கும்போது பிள்ளைக்கு ஒரு பொருளைக் காட்டுங்கள். அவர் உள்ளே வந்த பிறகு, என்ன காட்டினோம் என்று பிள்ளையைக் கேளுங்கள். யாரும் தொடாமல், பலகை மேசைமேல் இருக்க, பிள்ளையே சுட்டுவதுதான் பிள்ளையின் சொல். அது 'பிஸ்கட்' என்ற ஒரே சொல்லாக இருந்தாலும், இன்னொருவர் எழுதிய ஆயிரம் ஞான வரிகளைவிட உயர்ந்தது.

கோயிலுக்குப் போவது

பெரிய கோயிலில் தொடங்க வேண்டாம். உங்கள் தெரு முனைப் பிள்ளையாரே போதும்: கூரை இல்லை, எதிரொலி இல்லை, வரிசை இல்லை, எந்தப் பக்கமும் வெளியேறலாம். திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பட்டினத்தார் சமாதியும் குருபூசை நாள் தவிர்த்து அமைதியான இடம். கடல் பக்கத்தில் இருப்பதால் கையை விடக் கூடாது. கந்தகோட்டம் எவ்வளவு பிடித்த கோயிலானாலும் முதல் வருடத்துக்கு ஏற்றதில்லை. பூங்கா நகர்க் கடைத்தெரு நெரிசலைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் பிள்ளையின் பொறுமை பாதி கரைந்திருக்கும்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம். மற்ற கோயிலுக்கும் இதே முறைதான். வெள்ளி, பிரதோஷம், பௌர்ணமி, ஞாயிறு வேண்டாம். பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்தால் மேலூர் திருவுடையம்மன், வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்றையும் தரிசிக்கும் கூட்டம் சேரும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி அதே கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் லிங்கத்தின் கவசம் திறக்கும் மூன்று நாளும் அப்படியே. செவ்வாய் தவிர்த்த ஒரு வார நாளில், காலை நடை திறந்து முதல் பூசை முடிந்த நேரம் நல்லது. கல் தரையும் அப்போது சுடாது.

மெட்ரோவில் போனால் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். பாதுகாப்புச் சோதனையில் முன்னறிவிப்பின்றித் தொடுவார்கள். "பையனை நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன், கருவியை மட்டும் காட்டுங்க சார்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முந்தின வாரமே நீங்கள் மட்டும் போய் ஐந்து படம் எடுத்து வாருங்கள்: கோபுரம், செருப்பு விடுமிடம், கொடிமரம், பிராகாரம், திரும்பி வரும் வாசல். மூன்றடி உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். நம் உயரத்தில் எடுத்த படத்தில் இருப்பது நம் கோயில், பிள்ளையின் கோயில் இல்லை. ஐந்தாவது படமே முக்கியம். முடிவு எங்கே என்று காட்டுவது அதுதான். குருக்களிடம் தீபாராதனை எப்போது என்றும், மின்சார மேளம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் பிள்ளைகள் கோயிலில் உடைந்துபோவதற்கு முதல் காரணம் இந்த மின் மேளம்தான். முன்னறிவிப்பில்லாமல் தொடங்கி, கல் மண்டபத்தில் மோதிப் பலமடங்காகும். அது ஓய்ந்த பிறகு உள்ளே போங்கள்.

காதுக்கு, தொழிற்சாலையில் போடும் காதுக் கவசம் போதும். பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆனால் கோயில் வாசலில் முதல் முறையாக மாட்டினால் பிடுங்கி எறிவான். ஒரு வாரம் முன்பிருந்தே, பிடித்த காணொளி பார்க்கும்போது ஒரு நிமிடம், அடுத்த நாள் மூன்று நிமிடம் என்று பழக்குங்கள். வெறுங்கால் பிடிக்காத பிள்ளைக்கு உறை மாட்டலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்; நிலைமையைச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

படிப்படியாகப் போக வேண்டும். முதல் நாள் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இரண்டாம் முறை கொடிமரம் வரை. மூன்றாம் முறை பிராகாரம் ஒரு சுற்று. நான்காம் முறை சன்னதியில் ஒரு நிமிடம். ஒரு படி இரண்டு முறை சுகமாக நடந்தால்தான் அடுத்தது. தடுமாறினால் முந்தின படிக்கு இறங்குங்கள். இதைக் கெடுப்பது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "இவ்ளோ தூரம் வந்துட்டோம், அம்மனையும் பார்த்துட்டே போயிடலாம்." அன்றைக்கு அம்மனைப் பார்த்துவிடுவீர்கள். அடுத்த ஆறு மாதம் பிள்ளை கோபுரத்தைப் பார்த்தாலே தரையில் உட்கார்ந்துவிடும்.

வரிசையில் நிற்க முடியாது என்றால் செயல் அலுவலர் அலுவலகத்தில் முதல் நாளே பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் சேர்த்தே 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "ஐயா, பையனுக்கு ஆட்டிசம். பேசமாட்டான், நாம சொல்றது புரியும். கூட்டத்துல நிக்க முடியாது. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுறோம்." குருக்களிடம் இன்னும் இரண்டு விஷயம்: தலையில் கை வைக்க வேண்டாம், தட்டை முகத்தருகே கொண்டுவர வேண்டாம். பெருமாள் கோயிலில் சடாரியை அம்மா மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பிரசாதத்தைப் பிள்ளை துப்பினால் அது அவமதிப்பு ஆகாது. நெய் ஒட்டும் பொங்கலின் பதம் வாய்க்கு ஒவ்வவில்லை, அவ்வளவுதான். கையில் வாங்கி நீங்கள் உண்டுவிடுங்கள்.

உடைந்துபோனால்

அதற்கு முன் அறிகுறி இருக்கும்: முனகல் உயரும், நடை வேகமாகும், கை காதுக்குப் போகும், சட்டைக் காலரைக் கடிக்கும். முதல் அறிகுறியிலேயே கிளம்புங்கள். மூன்றாவது வரை பொறுத்தால் தூக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கும். அழுகை வெடித்துவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். கேள்வி, சமாதானம், மிரட்டல் எல்லாமே அந்த நேரத்தில் கூடுதல் சத்தம்தான். ஒருவர் பிள்ளையோடு தரையில் உட்கார வேண்டும். இன்னொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை மறைத்து நிற்க வேண்டும். தலை கல்லில் மோதாமல் உள்ளங்கையையோ மடித்த துண்டையோ நடுவில் வையுங்கள். கட்டிப்பிடித்து அடக்குவது பல பிள்ளைகளுக்கு இன்னும் மோசமாக்கும். யாராவது திருநீறோடு வந்து ஊதப் பார்ப்பார்கள், காற்று கறுப்பு என்பார்கள். மறைத்து நிற்பவர் இதைச் சொன்னால் போதும்: "சத்தம் தாங்கல பெரியம்மா. கொஞ்சம் தள்ளி நின்னா தானா சரியாயிடும்." அடங்கிய பிறகு தண்ணீர் கொடுத்து வீட்டுக்குப் போங்கள். அன்றைக்கு அறிவுரை கிடையாது.

காணாமல் போனால்

வடசென்னையில் எந்தக் கோயிலிலிருந்தும் சில நிமிட ஓட்டத்தில் குளம், கடல், தண்டவாளம், கன்டெய்னர் லாரி ஓடும் சாலை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். ஓடிப்போகும் ஆட்டிசப் பிள்ளைகள் இறப்பதற்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குவது. ஆகவே முதலில் தேட வேண்டியது தெப்பக்குளத்தை, பிறகு தண்டவாளத்தை, அதன் பிறகே கடைத்தெருவை. ஒருவர் தேட ஓடும்போதே இன்னொருவர் 112-க்கும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேடுபவர்கள் பெயரைத்தான் கத்துவார்கள்.

கிளம்பும் முன்னே செய்ய வேண்டியவை: அன்றைய உடையில் ஒரு புகைப்படம், பளிச்சென்ற நிறச் சட்டை, சட்டையின் உட்புறத்தில் தைத்த துணியில் உங்கள் கைபேசி எண்ணும் 'பேசமாட்டான்' என்ற ஒரு சொல்லும். அம்மா, அப்பா, தாத்தா மூவரும் கூட இருக்கும்போதுதான் பிள்ளை தொலைகிறது. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம். "இப்ப நீங்க பாருங்க" என்று வாயால் சொல்லி, "சரி, நான் பாக்குறேன்" என்ற பதில் வந்த பிறகே கண்ணை எடுங்கள்.

ஆடி மாதம்

தெருவுக்கு ஓர் அம்மன், கம்பத்துக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கி. வருடத்தின் மிகக் கடினமான மாதம் இதுதான். காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே விழாக் குழுவில் மூத்தவராகப் பார்த்துப் பேசுங்கள். பாட்டே வேண்டாம் என்று கேட்டால் நடக்காது. "உங்க விழா நல்லா நடக்கணும்ணா. எங்க ஜன்னலைப் பார்க்கிற குழாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்க" என்று கேட்டால் நடக்கும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதைப் பேச்சின் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். வீட்டில் தெருவைப் பார்க்காத அறையில் படுக்கை போடுங்கள். ஜன்னலில் இரட்டை மடிப்புப் போர்வை, கூடவே மின்விசிறியின் ஒரே சீரான ஓசை. கூழ் ஊற்றும் நாளில் பிள்ளைக்கும் ஒரு பங்கு வேண்டுமென்றால், கூட்டம் கலைந்த பிறகு ஒரு சொம்புக் கூழை அவனே ஒருவருக்கு ஊற்றட்டும்.

மாதா கோயிலும் பள்ளிவாசலும்

பெரம்பூர் லூர்து அன்னை ஆலயமும் ராயபுரம் புனித பீட்டர் ஆலயமும் ஞாயிறு திருப்பலியில் நெருக்கும். வார நாள் பிற்பகலில் காலியான ஆலயத்தில் கடைசி வரிசையில், பக்கக் கதவருகே ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைக்கு அப்பத்தின் பதமே தடையாக இருக்கும். திருப்பலியில் வைக்காத சாதா அப்பத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கி, வீட்டில் கடுகளவிலிருந்து பழக்குங்கள். சிறு துண்டானாலும் முழு நற்கருணைதான்.

மண்ணடி, ராயபுரம் பள்ளிவாசல்களில் வெள்ளி ஜும்ஆ தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குக் கூட்டிப் போங்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுளூவின் மாறாத வரிசை பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தொழுகைக்கு முன் அதை மட்டுமே சில மாதம் பழக்கலாம். வாய் பேச முடியாதவருக்கு ஓதுவது எப்படி, யாருக்குக் கடமை, யாருக்கு விலக்கு என்பதை மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேளுங்கள். பேச்சில்லை என்பதற்காக அறிவில்லை என்று நீங்களே முடிவுகட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

நேர்த்திக்கடன்

நேர்ந்துகொள்வது நீங்கள் என்றால், செய்யும் உடம்பும் உங்களுடையதாக இருக்கட்டும். பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை உடுத்துவதும் அங்கப்பிரதட்சணமும் உங்கள் உரிமை. பிள்ளையின் உடம்பை வைத்து வாக்குக் கொடுக்காதீர்கள். மொட்டை ஏற்கெனவே நேர்ந்தாகிவிட்டது என்றால், திருத்தணி முடிக் கொட்டகையில் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து வழிக்க வேண்டாம். திமிறும் தலையில் சவரக்கத்தி வெட்டும். அந்தப் பயம் பல வருடம் முடிவெட்டும் கடை வரை தொடரும். சில கீற்று முடியை மட்டும் வெட்டிப் பூமுடியாகக் கொடுத்தாலும் சாமி ஏற்கும். மொட்டையேதான் என்றால் வீட்டில் டிரிம்மரால் செய்து முடியை எடுத்துப் போய்ச் செலுத்துங்கள். மூன்று வாரம் பழக்கம் வேண்டும். முதல் வாரம் ஓடாத டிரிம்மரைத் தோளிலும் பிடரியிலும் வைப்பது. இரண்டாம் வாரம் ஓடும் டிரிம்மரின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் வைப்பது. மூன்றாம் வாரம் தினம் ஒரு கீற்று. விழும் முடி கழுத்தில் குத்துவதே பாதி அழுகைக்குக் காரணம். ஈரத்துண்டைக் கழுத்தை ஒட்டி, இறுக்காமல் சுற்றிக்கொள்ளுங்கள். காதுகுத்தை அவனுக்கு 'சரி', 'வேண்டாம்' சொல்லத் தெரியும் வரை தள்ளிவைக்கலாம். யாரும் கெட்டுப்போவதில்லை.

உங்கள் சாமி

இரவு மூன்று முறை எழுந்த அம்மா மறுநாள் செவ்வாய் விரதமும் இருந்தால், மாலையில் முதலில் உடைவது பொறுமை. அது பிள்ளைமேல்தான் விழும். சர்க்கரை நோய் மாத்திரை போடுபவர் என்றால் ஆபத்தும் கூட. விரதத்தை ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த நாளைத் தூங்கும் நாளாக நேர்ந்துகொள்ளுங்கள்.

கடவுள்மேல் கோபம் வந்தால் அதையும் கொண்டுபோய் அங்கேயே வைக்கலாம். நம் பக்தியில் சாமியைத் திட்டிப் பாடியவர்களுக்கும் இடமிருந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தனி நேரம் வேண்டும். பிள்ளை தூங்கியதும் ஒருவருக்குப் பத்து நிமிடம், பிறகு மற்றவருக்குப் பத்து நிமிடம். மொட்டைமாடியோ, அணைத்த விளக்குக்கு எதிரேயோ, எங்கேயானாலும் சரி. அந்த இருபது நிமிடமும் பிள்ளையின் அறைக்கதவைப் பார்ப்பது யார் என்று அங்கேயும் வாயால் சொல்லிவிட்டே மாறுங்கள்.